மச்சாள் எண்ணிய தலைகள்

காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் நான் என் எண்ணைப் பார்ப்பேன். சிலர் எழுந்தவுடன் சாமி படத்தைப் பார்க்கிறார்கள், சிலர் எடை பார்க்கும் மெஷினில் ஏறுகிறார்கள். நான் படுக்கையில் கிடந்தபடியே போனைத் திறந்து, என் ஆய்வுக் கட்டுரைகளை உலகத்தில் இதுவரை எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். நேற்றைய எண்ணைவிட ஒன்று கூடியிருந்தால் தேநீர் ருசிக்கும். கூடாவிட்டால் வெம்பிளியில் ரயில் ஏறும்போது முன்னால் நிற்பவர்மேல் எரிந்து விழுவேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் தொழிலில் எல்லோரும் பார்க்கிறார்கள். பார்ப்பதில்லை என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள்.

தொழில் என்றால் கடல்சார் சூழலியல். கேட்பவர்கள் டொல்பினையும் பவளப் பாறையையும் நினைத்துக் கண்ணை விரிப்பார்கள். எனக்கு வாய்த்தது சேறு. தேம்ஸ் கடலோடு சேருகிற இடத்தில், எசெக்ஸ் கரையில், தண்ணீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாம்பல் நிறச் சேறுதான். அதற்குள் கோடிக்கணக்கில் சின்னப் புழுக்கள். அந்தப் புழுக்களை எண்ணித்தான் நான் டாக்டர் பட்டம் வாங்கினேன், வீடு வாங்கினேன், இப்போது பேராசிரியராகவும் இருக்கிறேன்.

இதுவரை நாற்பதுக்குக் கிட்டக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். ஆனால் என் மேற்கோள்களில் பாதிக்கு மேல் ஒரே ஒரு கட்டுரைக்கு வந்தவை. மற்றவை எல்லாம் அதன் முதுகில் ஏறிச் சவாரி செய்பவை. அந்தக் கட்டுரைக்காக என் அண்ணையின் மனைவிக்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. கேட்டால் அவர் மன்னித்துவிடுவார், அதைத்தான் என்னால் தாங்க முடியாது. தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. என்னோடு வேலை செய்கிறவர்களில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது.

அண்ணையின் மனைவி எனக்கு மச்சாள். அவர் என்னைப் பிள்ளை என்று கூப்பிடுவார், ஆனால் நீங்கள் என்றுதான் பேசுவார். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்து முதல் வகுப்பில் பாஸ் பண்ணியவர். கலியாணம் கட்டி கிழக்கு லண்டனில் குட்மேய்ஸுக்கு வந்ததும் அந்தப் பட்டம் அலுமாரிக்குள் போய்விட்டது. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தார். வெள்ளைக்காரக் கிழவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்துகிற வேலை. அண்ணை சாமான் ஏற்றுகிற வான் ஓட்டினார். நான் பதினொரு வயதில் லண்டனுக்கு வந்தவள், ஆங்கிலத்தில் படித்தவள், வீட்டின் செல்லப் பிள்ளை. மச்சாளை நான் அப்போது ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

நான் டாக்டர் பட்டத்துக்குச் செய்துகொண்டிருந்தபோது எங்கள் ஆய்வுகூடத்தில் உதவிக்கு இருந்தவர் வேலையை விட்டுப் போனார். புதிதாக ஆள் எடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் ஆய்வுகூடம் பூட்டு. ஆனால் அலைக்கு சனி ஞாயிறு தெரியாது. வற்றுகிற நேரத்தில் போய்ச் சேற்றைக் குழாயால் குத்தி எடுத்து, சல்லடையில் அரித்து, மிஞ்சுவதை டப்பாக்களில் போட்டுக்கொண்டு வரவேண்டும். அன்றைக்கே அதில் ஸ்பிரிட் ஊற்றவேண்டும். ஊற்றினால் புழுக்கள் செத்து, உடம்பு கெடாமல் அப்படியே இருக்கும். பிறகு ஆறுதலாக மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ணலாம்.

எசெக்ஸிலிருந்து திரும்பும் வழியில் குட்மேய்ஸ். அண்ணை வீட்டின் பின்னால் ஒரு ஷெட் இருந்தது. அதில், மூடிப்போன கடை ஒன்றிலிருந்து அவர் தூக்கிக்கொண்டு வந்த பெரிய பிரிட்ஜ் ஒன்று நின்றது. ஒருநாள் களைப்பில் டப்பாக்களை அங்கே இறக்கிவிட்டு, ஸ்பிரிட் ஊற்றிவிடச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த கிழமை போனபோது மச்சாள் ஸ்பிரிட் ஊற்றியது மட்டுமில்லை, இரண்டு டப்பாக்களில் இருந்தவற்றை வகை பிரித்து, எண்ணி, ஒரு கொப்பியில் எழுதியும் வைத்திருந்தார். பிள்ளைகளின் விளையாட்டுக் கடையில் வாங்கிய பூதக்கண்ணாடியால் பார்த்தாராம். நான் ஆய்வுகூடத்தில் வைத்துச் சரிபார்த்தேன். ஒன்றுகூடப் பிழையில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு பழைய மைக்ரோஸ்கோப்பைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

மூன்று வருடம் அப்படி ஓடியது. மச்சாள் இல்லத்தில் வேலை முடிந்து வந்து, சமைத்து வைத்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு அந்தக் குளிர் ஷெட்டில் போய் இருப்பார். புழு எண்ணுவதில் ஒரு விதி உண்டு. தலைகளை மட்டும்தான் எண்ணவேண்டும். வால் துண்டோ நடுத்துண்டோ எத்தனை கிடந்தாலும் கணக்கில்லை. மச்சாள் ஒரு தலையை விடமாட்டார், ஒரு வாலைச் சேர்க்கவும் மாட்டார். ஆய்வுகூடத்தில் படித்து வந்தவர்கள் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டித் தடுமாறுகிற இடத்தில் அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெயரைச் சொல்லுவார். சும்மா சொல்லக்கூடாது, என் வாழ்நாளில் அப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததில்லை. அவர் முகத்தில் வெளிச்சம் வந்து நான் கண்டதும் அந்த ஷெட்டுக்குள் மட்டும்தான்.

அவருடைய கணக்குகளை நான் கணினியில் ஏற்றிப் பார்த்தபோது ஓர் அதிசயம் தெரிந்தது. இலையுதிர் காலத்தில் ஒரு கிழமை மட்டும் புழுக்கள் திடீரென்று குறைந்தன. அடுத்த கிழமை திரும்பி வந்தன. அடுத்த வருடமும் அப்படியே, ஆனால் வேறு தேதியில். மூன்றாவது வருடம் இன்னொரு தேதி. அலை அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று வருடமும் அமாவாசை கழிந்த கிழமை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அமாவாசைப் பெரிய அலையும் வருடத்தின் முதல் குளிரும் சேர்ந்து வரும்போது புழுக்கள் என் குழாய்க்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றன என்று எழுதினேன். அழகான விளக்கம். இப்போது வாசித்தாலும் எனக்கே நம்பிக்கை வரும்.

கட்டுரையை அனுப்புவதற்கு முதல் கிழமை மச்சாள் சமையலறையில் வாழைக்காய் சீவிக்கொண்டு நின்றார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒன்று கேட்டார். துறைமுக வேலைகளுக்காகச் சேற்றுப் புழுக்களைப் பார்த்து எண்ணிக் கொடுக்கிற ஒரு கம்பனி, பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில் இருந்தது. அதற்கு மனுப் போட்டிருந்தாராம்.

"பிள்ளை, கட்டுரையில என்ர பேரும் வருமோ? பேர் வந்த ஒரு கட்டுரை இருந்தாக் காணுமாம்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. முதல் கட்டுரை. என் பேராசிரியரே பெருந்தன்மையாகத் தன் பெயரை விட்டுக்கொடுத்திருந்தார். தனிப் பெயரில் வந்தால் அதற்கு மதிப்பே வேறு. அதோடு வீட்டு ஷெட்டில் எண்ணினோம் என்று நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. இதில் எதையும் நான் மச்சாளுக்கு விளங்கப்படுத்தவில்லை.

"மச்சாள், இது கலியாணக் கார்ட் இல்லை, வீட்டில இருக்கிற எல்லாற்ற பேரையும் போட," என்றேன்.

அவர் சரி என்று சொல்லிவிட்டு வாழைக்காயைத் தண்ணீருக்குள் போட்டார். கட்டுரையின் கடைசியில் என் குடும்பத்தாருக்கும் நன்றி என்று ஒரு வரி போட்டேன். அந்தக் கம்பனி அவரை எடுக்கவில்லை. அவர் கிழவர்களைக் குளிப்பாட்டப் போனார், நான் மைக்ரோஸ்கோப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

கட்டுரை ஓடியது, ஓடியது, அப்படி ஓடியது. முதல் வருடமே ஆட்கள் மேற்கோள் காட்டத் தொடங்கினார்கள். மூன்றாவது வருடம் அந்தக் குறைவுக்கு என் பெயரையே வைத்துவிட்டார்கள். கூட்டங்களில் முன்பின் தெரியாதவர்கள் வந்து கை குலுக்கி, நீங்கள்தானா அது என்று கேட்பார்கள். துறைமுகத்தில் தூர் வாருகிறவர்கள்கூட அந்தக் கிழமையில்தான் வாருவது நல்லது, புழுக்கள் ஆழத்தில் பத்திரமாக இருக்கும் என்று என் கட்டுரையைக் காட்டி அனுமதி வாங்கினார்கள். பதவி உயர்வுப் படிவத்தில் தாக்கம் என்று ஒரு பெட்டி இருக்கிறது. உன் ஆய்வால் வெளியுலகில் என்ன மாறியது என்று அதில் எழுதவேண்டும். துறைமுகத்தில் தூர் வாரியதை நான் எழுதினேன்.

பேராசிரியர் பதவிக்கு அந்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு ஆய்விதழிலிருந்து ஒரு கட்டுரையை மதிப்பிடச் சொல்லி அனுப்பினார்கள். எழுதியவர் ஒரு இளம் பெண், இங்கிலாந்தின் வடக்கே எங்கேயோ தற்காலிக வேலையில் இருப்பவர். என் கரையிலேயே, என் முறையிலேயே ஐந்து இலையுதிர் காலம் எண்ணியிருந்தார். அமாவாசையில் ஒரு குறைவும் இல்லை என்று மிகவும் பணிவாக எழுதியிருந்தார். பணிவுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. மதிப்பிடுகிறவர் பெயர் வெளியே வராது. நான் இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். இவர்களுடைய மாதிரிகள் உரிய நேரத்தில் ஸ்பிரிட்டில் போடப்படவில்லை போலிருக்கிறது, அடிப்படை ஒழுக்கமே தெரியாமல் செய்த வேலை என்று எழுதினேன். கட்டுரையை நிராகரித்தார்கள். அவருடைய வேலை அடுத்த வருடம் நீடிக்கப்படவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த மதிப்பீட்டை அனுப்பிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை குட்மேய்ஸுக்குப் போனேன். மச்சாள் சந்தோஷமாக இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல், முன்பு எடுக்காத அதே புழுக் கம்பனி அவரை ஆறு மாதப் பரீட்சார்த்த வேலைக்கு எடுத்திருந்தது. யாருடைய சிபாரிசும் இல்லை. பெயர் ஒட்டாத இருபது டப்பாக்களைக் கொடுத்து என்ன புழு என்று கேட்டார்களாம், இருபதையும் சொல்லிவிட்டாராம். முதியோர் இல்லத்தை விட்டுவிட்டேன் என்று எனக்குத்தான் முதலில் சொல்ல நினைத்தாராம். நான் சந்தோஷம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். எனக்கும் அண்ணைக்கும் போட்டுவிட்டு அவர் பாலும் பழமும் எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். சஷ்டி விரதம், ஆறு நாள் என்றார் அண்ணை. வருடா வருடம் பிடிக்கிறா, உனக்குத் தெரியாதோ என்றார்.

எனக்குத் தெரியாது. விரதம், கோயில் என்றால் காத தூரம் ஓடுகிறவள் நான். பேச்சுக்காகத்தான் கேட்டேன், எந்தத் தேதியில் வரும் என்று. தேதி இல்லை, தீபாவளி அமாவாசைக்கு அடுத்த நாள் தொடங்கும் என்றார் மச்சாள்.

கையில் இருந்த சோறு கையிலேயே நின்றது. அந்தக் காலத்து டப்பாக்களைச் சஷ்டிக்குள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"பிரிட்ஜில வைச்சனான். கடல் தண்ணியும் கொஞ்சம் விட்டு. விரதம் முடிச்சுப் பாறணைச் சோறு சாப்பிட்ட பிறகுதான் ஸ்பிரிட் ஊத்தினனான்."

"ஏன்?"

அவர் அண்ணையைப் பார்த்தார். அண்ணை தட்டைப் பார்த்தார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த மூன்று வருடமும் டொக்டரிடமும் முருகனிடமும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்த வருடங்கள்.

"ஒரு உயிரைக் கேட்டுக்கொண்டு இருக்கிற நேரத்தில இன்னொரு உயிரை எப்பிடிப் பிள்ளை எடுக்கிறது?"

பிரிட்ஜுக்குள் ஆறு நாள் கிடந்தால் அந்தச் சின்னப் புழுக்கள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒன்றையொன்று தின்னும், மிச்சம் உடைந்து கரைந்துபோகும். தலைகள் குறையும். என் பெயர் வைத்த விளைவு, துறைமுகத்தில் தூர் வாரவைத்த விளைவு, என் மச்சாள் பிள்ளை கேட்டு இருந்த விரதம்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று பாய்ந்தேன். சொன்னேனே என்றார், கொஞ்சமும் குரலை உயர்த்தாமல். முதல் வருடம் போன் பண்ணினாராம். எனக்கு ஞாபகம் வந்தது. பஸ்ஸில் மேல்தட்டில் இருந்தேன், அவர் ஏதோ விரதம் என்று தொடங்க, ஓம் ஓம் பிறகு பாப்பம் என்று வைத்துவிட்டேன். மச்சாள் எழுந்துபோய் பழைய கொப்பியை எடுத்து வந்தார். மூன்று வருடமும், எண்களுக்குக் கீழே, அவருடைய வட்டமான தமிழ் எழுத்தில் இருந்தது: சஷ்டி, ஸ்பிரிட் ஊற்றவில்லை, புழுக்கள் உடைந்துவிட்டன, இந்தக் கணக்கைச் சேர்க்க வேண்டாம். நான் எண்களை மட்டும் பார்த்துக் கணினியில் ஏற்றியிருக்கிறேன். தமிழை வாசிக்கவில்லை.

இந்த இடத்தில் நல்ல மனுஷி ஒருத்தி என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், பிழை என்னுடையது என்று நாலு வரி எழுதுவாள். நான் இரண்டு நாள் யோசித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்க முடியாது. அந்த வடக்குப் பெண் இல்லாவிட்டால் இன்னொருத்தி எண்ணத்தான் போகிறாள். அப்போது அகப்பட்டால் மானம் போகும். நானே முந்திக்கொண்டு சொன்னால், அதுவும் சரியான விதத்தில் சொன்னால், நேர்மையானவள் என்று பெயர் வரும்.

எனவே திருத்தக் குறிப்பு ஒன்று எழுதினேன். குறிப்பிட்ட வாரங்களின் மாதிரிகளைக் கையாண்ட, பயிற்சி பெறாத உறவினர் ஒருவர், சமயக் காரணங்களுக்காக, ஆசிரியருக்குத் தெரிவிக்காமல், அவற்றைப் பதப்படுத்துவதைத் தாமதித்துள்ளார் என்று. மச்சாளின் முழுப் பெயரையும் போட்டேன். போடவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பெயர் இல்லாத உறவினரை யாரும் நம்பமாட்டார்கள் என்று நானேதான் போட்டேன். பெயர் போடுவதென்றால் அவருடைய சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று ஆய்விதழிலிருந்து எழுதினார்கள். கடிதத்தைத் தூக்கிக்கொண்டு குட்மேய்ஸுக்குப் போனேன்.

மச்சாள் கம்பனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது, அதைக் கழற்றாமலே உட்கார்ந்து வாசித்தார். ஆங்கிலம் அவருக்கு நன்றாக விளங்கும். பயிற்சி பெறாத என்ற இடத்தில் விரல் நின்றது, தெரிவிக்காமல் என்ற இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றது.

"நான் சொன்னனான் எல்லோ, பிள்ளை. கொப்பியிலயும் எழுதினனான்."

"கொப்பி தமிழில இருக்கு, மச்சாள். அங்க அது செல்லாது."

இதைச் சொன்னவள் நான்தான். அவர் அண்ணையைப் பார்த்தார். தங்கச்சியின் வேலைப் பிரச்சினை எண்டா கையெழுத்தைப் போட்டுக் குடும், என்ன வந்துவிடப் போகுது என்றார் அண்ணை. கம்பனியில் இதைப் பார்ப்பார்களா என்று மட்டும் மச்சாள் கேட்டார். அவருக்கு அந்த வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பார்க்க மாட்டார்கள் என்றேன். லண்டனில் அந்த ஆய்விதழை எழுத்து விடாமல் வாசிக்கிறவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதில் நாலு பேர் அந்தக் கம்பனியில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது கொப்பியைக் கேட்டேன். ஒரு பையில் சுற்றித் தந்தார்.

குறிப்பு வெளிவந்தது. ஆய்வு உலகத்தில் மச்சாளின் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு தடவைதான். கம்பனி இரண்டு கிழமைக்குள் அவரை நிறுத்தியது. கடிதத்தில் காரணம் எழுதவில்லை. மேற்பார்வையாளர் மட்டும், எங்கள் வாடிக்கையாளர்கள் கேட்டால் நாங்கள் என்ன சொல்வது என்று கேட்டாராம். எனக்கு என்ன நடந்தது தெரியுமா? என் எண் ஏறியது. பிழையான கட்டுரை என்று காட்டுவதற்கும் அதை மேற்கோள் காட்டத்தானே வேண்டும். புகழ்ந்தாலும் காறித் துப்பினாலும் அந்தக் கணக்கில் ஒன்று ஒன்றுதான். திருத்தக் குறிப்புக்குத் தனியாக மேற்கோள்கள் வந்தன. தன் பிழையைத் தானே வெளியிட்ட அபூர்வமான ஆய்வாளர் என்று ஒருவர் எழுதினார். பதவிக் குழுவில் அதை வாசித்துக் காட்டினார்களாம். பேராசிரியர் பதவி கிடைத்தது.

பேராசிரியரானால் ஒரு பொதுச் சொற்பொழிவு ஆற்றவேண்டும், குடும்பத்தையும் அழைக்கலாம். அண்ணையும் மச்சாளும் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். மச்சாள் பட்டுச் சேலை கட்டியிருந்தார். அவர்கள் வருவார்கள் என்று தெரிந்தும் நான் அந்தக் கதையைப் பகிடியாகத் தயாரித்து வைத்திருந்தேன். சந்திரனும் அலையும் என்று பத்து வருடம் நானும் உலகமும் நம்பிக்கொண்டிருந்தோம், கடைசியில் பார்த்தால் அது என் மச்சாளின் பட்டினி என்றேன். படமும் போட்டேன், புழு வரைபடத்தின் பள்ளத்தில் ஒரு மயில். மண்டபம் வெடித்துச் சிரித்தது. பிள்ளைக்காக இருந்த விரதம் என்பதை நான் சொல்லவில்லை, சொன்னால் சிரிக்கமாட்டார்கள். மச்சாள் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரியைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், பிறகு அவரும் சிரித்தார். நான் அடுத்த படத்துக்குப் போனேன்.

முடிந்து எல்லோரும் கையில் கிளாஸோடு நின்றபோது மச்சாள் என்னிடம் வந்தார். நன்றாகப் பேசினீர்கள் என்றார். பிறகு, பழைய முதியோர் இல்லத்துக்கே திரும்பப் போக மனுப் போட்டிருக்கிறாராம், இடையில் விட்டுப் போனதால் புதிதாக ஒரு நற்சான்றுக் கடிதம் கேட்கிறார்களாம். பேராசிரியர் என்று கையெழுத்து இருந்தால் உடனே எடுப்பார்கள் என்று அண்ணை சொன்னாராம். சரி என்றேன்.

அடுத்த நாள் அலுவலகத்தில் பல்கலைக்கழகத் தாளில் அதை எழுதினேன். பத்து நிமிடம் எடுத்தது. என் வாழ்க்கையில் ஒரு சொல்லைக்கூட அழித்து எழுதாமல் எழுதியது அது ஒன்றுதான். இவரைப் பல ஆண்டுகளாக அறிவேன், கொடுத்த வேலையில் இவரைப்போல் கவனமானவரை நான் கண்டதில்லை, ஏதாவது தவறு நேர்ந்தால் உடனே சொல்வார், எழுதியும் வைப்பார், எதையும் மறைக்கமாட்டார் என்று எழுதினேன். சனிக்கிழமை குட்மேய்ஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மச்சாள் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, சமையலறை மேசையில் வைத்து மெதுவாக வாசித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். கடிதத்தை மடித்து, கடித உறைக்குள் போட்டு, அதன் வாயை ஒட்டினார். அவர் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

"உங்களுக்கு இது தெரியும் தானே, பிள்ளை," என்றார். "அண்டைக்கு அந்தக் குறிப்பிலயே இதை எழுதியிருக்கலாமே."